தொகையும் மடிப்பும்: உரைத்திருத்திகளில் மறைந்த வரிகளும் பலவிடத் தேர்வும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் நாள்தோறும் கையாளும் கருவி உரைத்திருத்தி எனப்படும். எழுதுதல், அழித்தல், இடம் மாற்றுதல், தேடுதல் ஆகிய தொழில்களுக்கு அது துணையாவது. அதன்கண் அமைந்த வசதிகளுள் இரண்டு இக்கட்டுரைக்குப் பொருளாகும். ஒன்று, நெடிய பகுதியொன்றை அதன் தலைவரி மட்டும் தோன்றுமாறு மடித்துவைத்தல். மற்றொன்று, கோப்பின் பல இடங்களை ஒருங்கே தேர்ந்துகொண்டு அவை அனைத்திலும் ஒரே திருத்தத்தை ஒரே வேளையில் செய்தல். முன்னையதை மடிப்பு என்றும் பின்னையதைப் பலவிடத் தேர்வு என்றும் ஈண்டு வழங்குவோம். தனித்தனியே நோக்கின் இரண்டும் எளியன. சிறிது பயிற்சியில் கைவருவன. இரண்டும் ஒருங்கு சேரும்பொழுது ஒரு வினா எழுகின்றது. மடிப்பினுள் மறைந்து நிற்கும் வரிகளுக்கு, வெளியே நாம் செய்யும் திருத்தம் சென்று சேருமா, சேராதா?

நிரலர்க்குரிய இவ்வினாவைத் தமிழாராய்ச்சி இதழொன்றில் எடுத்துரைத்தற்கு இரு காரணங்கள் உள. ஏட்டுச்சுவடிகளையும் பழம்பதிப்புகளையும் ஒப்புநோக்கிக் கணிப்பொறியில் பதிப்பு அமைத்தல் இன்று தமிழாய்வாளர் மேற்கொள்ளும் பணிகளுள் ஒன்றாயிற்று. 1987-இல் தொடங்கப்பெற்ற டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் வகுத்த நெறியைத் தழுவி, மூலம், உரை, பாடவேறுபாடு ஆகியவற்றைத் தனித்தனிக் குறிகளுக்குள் அடக்கி எழுதுகின்றோம். அதற்குக் கொள்ளும் கருவியோ நிரலர் கொள்ளும் அதே உரைத்திருத்தியே. நான்கடிச் செய்யுள் ஒன்று, தன் பாடங்களும் குறிகளும் சேர, திரையில் அறுபது வரி நீள்வதுண்டு. செய்யுளைச் செய்யுளாகப் படிக்க விரும்புவோர் ஏனையவற்றை மடித்துவைத்தல் இயல்பு. மடித்துவைத்த நிலையிலேயே தேடித் திருத்துதலும் இயல்பு. இடர் தோன்றும் இடம் அதுவே.

மற்றொரு காரணம் இலக்கணம் பற்றியது. மறைந்து நிற்பது எவ்வாறு தொழிற்படும் என்பது நம் உரையாசிரியர்க்குப் புதிய வினா அன்று. தொகைநிலை பற்றி அவர்கள் நிகழ்த்திய ஆராய்ச்சி, இக்கருவிகளின் போக்கினை வகைப்படுத்த ஓர் அளவுகோலாக உதவும் என்பது என் கருத்து. அதனைக் காட்டுவதற்கு முன் கருவிகளின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

மடிப்பின் கருத்து நிரல் திருத்திகளுக்கு முற்பட்டது. 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பார் தம் குழுவினர் ஆக்கிய என்.எல்.எஸ். என்னும் அமைப்பினை அறிஞர் அவையில் இயக்கிக் காட்டினார். அதன்கண் ஆவணத்தின் கூற்றுகள் கிளையும் துணைக்கிளையுமாக நிலைப்படுத்தப்பட்டிருந்தன. மேல்நிலைக் கூற்றுகளை மட்டும் காட்டுமாறு பணித்தால் கீழ்நிலைக் கூற்றுகள் திரையினின்று அகலும். 1980-களில் பிரிஸ்டல் நகரின் இன்மாஸ் நிறுவனம் தன் டிரான்ஸ்பியூட்டர் பொறிக்கென மடிப்புத் திருத்தி ஒன்றையே அமைத்தது. அப்பொறிக்குரிய நிரல்மொழியின் பெயர் 'ஆக்கம்' எனத் தமிழ்ச்சொற்போல் ஒலிக்கும். நமக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஒக்காம் ஊரினரான வில்லியம் என்னும் இடைக்கால மெய்யியல் அறிஞரின் நினைவாக இட்ட பெயர் அது. அத்திருத்தியில் மூடிய மடிப்பு மூன்று புள்ளிகளும் ஒரு விளக்கத் தொடருமாகத் தோன்றும். திறந்தால் மும்மூன்று நெளிவடைப்புகள் முதலும் முடிவும் காட்டும். அதே மும்முறை நெளிவடைப்பினை 2001-இல் வெளிவந்த விம் திருத்தியின் ஆறாம் பதிப்பும் தன் மடிப்புக் குறியாகக் கொண்டது. பிராம் மூலினார் (1961-2023) ஆக்கிய இத்திருத்தியில் மடிப்பு இடம்பெற்றது அப்பதிப்பிலேதான்.

ஒரு பகுதி யாண்டுத் தொடங்கி யாண்டு முடிகின்றது என்பதைத் திருத்தி எங்ஙனம் அறிகின்றது? வரி எத்துணை உள்வாங்கி எழுதப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு அறிதல் ஒரு முறை. பைத்தான் மொழியில் உள்வாங்குதலே இலக்கணம் ஆதலின் அங்கு இது நன்கு பொருந்தும். திறக்கும் அடைப்பும் மூடும் அடைப்பும் கொண்டு, மொழியின் தொடரமைப்பை ஆராய்ந்து அறிதல் பிறிதொரு முறை. எழுதுவோன் தானே குறியிட்டு உணர்த்துதலும், குறியின்றிச் சில வரிகளைக் கையால் தேர்ந்து மடித்தலும் உண்டு. இவற்றுள் குறியிடும் முறையில் மட்டுமே மடிப்பின் எல்லை கோப்பினுள் எழுத்தாகப் பதிகின்றது. ஏனையவற்றில் மடிப்பு என்பது காட்சி மட்டுமே. கோப்பினை வேறொருவர் திறப்பின் அவர்க்கு மடிப்பு எதுவும் தோன்றாது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

பலவிடத் தேர்வின் வரலாறும் நெடியதே. பெல் ஆய்வகத்தில் ராப் பைக் ஆக்கி 1987-இல் விளக்கியெழுதிய சாம் என்னும் திருத்தியில், ஒரு வடிவுக்குப் பொருந்தும் இடங்கள் அனைத்தையும் எடுத்து ஒவ்வொன்றன்மீதும் ஆணையொன்றைச் செலுத்தும் முறை இருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினரான ராபர்ட் மில்லர், பிராட் மயர்ஸ் இருவரும் 2001-இல் வெளியிட்ட கட்டுரையில், பல இடங்களைக் கண்ணாற் கண்டுகொண்டே ஒருங்கு திருத்தும் லாப்பிஸ் என்னும் கருவியை விளக்கினர். 2008-இல் தோன்றிய சப்லைம் டெக்ஸ்ட் இதனை நிரலர் பலர்க்கும் அன்றாடப் பழக்கமாக்கிற்று. இன்று பெருவழக்கான விசுவல் ஸ்டூடியோ கோடில், ஒரு சொல்லின்மேல் நின்று கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் ஆகிய மூன்று விசைகளைச் சேர அழுத்தினால் கோப்பில் அச்சொல் வருமிடமெல்லாம் தேர்வுறும். கர்சர் எனப்படும் இடஞ்சுட்டி ஒன்றாய் இராது பலவாய் நின்று மினுக்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் அத்தனை இடத்திலும் அவ்வெழுத்து விழும்.

இதன் உள்நிகழ்ச்சி சிறிது நுட்பமுடையது. கோப்பு முழுமையும் எழுத்துகளின் ஒரு நீண்ட வரிசை. ஒவ்வோரிடமும் ஓர் எண். 10, 50, 90 ஆகிய மூன்றிடங்களில் ஈரெழுத்தைப் புகுத்த வேண்டும் என்க. 10-ஆம் இடத்திற் புகுத்தியவுடன் 50 என்பது 52 ஆகிவிடும். 90 என்பது 92 ஆகி, இரண்டாம் புகுத்தலுக்குப்பின் 94 ஆகும். ஆதலின் கடைசி இடத்தினின்று தொடங்கி முன்னோக்கி வருதல் வேண்டும். அன்றேல் ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் எஞ்சிய எண்களை நகர்த்திக் கணக்கிடல் வேண்டும். இரு தேர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அவற்றை ஒன்றாக இணைத்தலும் வேண்டும். இவ்வெண்கள் யாவும் கோப்பின் எண்கள், திரையின் எண்கள் அல்ல என்பது கருதற்பாலது. மடிப்பினுள் மறைந்த வரிக்கும் தன் எண் உண்டு. மறைந்தமையால் அது குறைவதில்லை.

இடையே தமிழுக்கென ஓர் எச்சரிக்கை. 'கோ' என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பும் காலும் எனத் தனித்தனியாகிய இரு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியெண்களை அப்படியே ஒப்பிட்டுத் தேடும் கருவிக்கோ வெவ்வேறு. எல்லா இடமும் தேர்வுற்றன என்று நாம் நம்பும்பொழுது சில இடங்கள் நழுவியிருத்தல் கூடும். பல மூலங்களினின்று திரட்டிய கோப்புகளில் இது நிகழ்வது உண்டு.

இன்னும் ஒன்று. பலவிடத் தேர்வு வடிவினை நோக்குமேயன்றிப் பொருளினை நோக்காது. நிரலொன்றில் 'தொகை' என்னும் பெயர் இரு வேறு செயற்கூறுகளில் இரு வேறு மதிப்புகளைக் குறிக்கலாம். ஒருசொல் பல்பொருள் என்பது நிரலுக்கும் உண்டு. எழுத்தொப்புமை கொண்டு தேர்ந்தால் இரண்டும் மாறும். பெயரின் ஆட்சியெல்லையை ஆராய்ந்து மாற்றும் தனிக் கருவிகள் இன்று உள எனினும், கைவேகத்தில் பலரும் பலவிடத் தேர்வையே நாடுகின்றனர்.

இனித் தொகைக்கு வருவோம். 'யானைக்கோடு' என்ற தொடரில் ஆறாம் வேற்றுமை உருபு வெளிப்பட நிற்கவில்லை. எனினும் யானையது கோடு என்னும் பொருள் குன்றவில்லை. இத்தகையவற்றைத் தொகை என்றனர். அப்பெயர்க்குக் காரணம் யாது என்பதில் இரு கொள்கைகள் வழங்கின. உருபு முதலியன மறைந்து நிற்றலால் தொகை என்பது ஒன்று. சொற்கள் தம்முள் பிளவின்றி ஒன்றுபட்டு நிற்றலால் தொகை என்பது மற்றொன்று. தொல்காப்பியச் சொல்லதிகார உரையில் சேனாவரையர் இரண்டனையும் எடுத்துக்கூறிப் பின்னையதன்பால் நிற்கின்றார். அக்கொள்கையின் வன்மையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 'கண்டான் மலை' என்புழி இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்துளது. ஆயினும் கண்டான் என்பதும் மலை என்பதும் ஒருசொல்லாக ஒட்டவில்லை. மறைவு உண்டு, ஒன்றுபாடு இல்லை. எனவே மறைதலும் ஒன்றுபடுதலும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்பது போதரும். 'யானைக்கோட்டை முறித்தான்' என்றால், இறுதியில் ஏறிய ஐயுருபு தொடர் முழுமைக்கும் ஏறியதாகின்றது. ஒன்றுபட்டதற்கு அடையாளம் இதுவே: ஒருமுறை செய்தது முழுமைக்கும் செல்லும்.

இவ்வளவுகோலைக் கொண்டு திருத்திகளை நோக்கின், மூடிய மடிப்பினை 'ஒன்றுபட்டது' எனக் கொள்வனவும், 'மறைந்தது' என்று மட்டுமே கொள்வனவும் என இருதிறப்படுதல் காணலாம். கருவிகளை ஆக்கியோர் நம் இலக்கணத்தை நோக்கி ஆக்கினர் அல்லர். பொருளின் இயல்பே அவ்விரு வழிகளைத் தந்தது.

ஒன்றுபாட்டுக் கொள்கைக்குச் சிறந்த சான்று விம். அதில் டி, எல் என்னும் இரு விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால் வழக்கமாக ஓர் எழுத்து அழியும். மூடிய மடிப்பின்மீது நின்று அவற்றையே அழுத்தினால் மடிப்பு முழுமையும், அது நாற்பது வரியாயினும், ஒருங்கே அழியும். இது பிழையன்று, அதன் கையேடே விதியாகக் கூறுவது. மாற்றீட்டு ஆணையும் அவ்வாறே. தற்போதைய வரியில் ஒரு சொல்லை மற்றொன்றாக்குக என்று பணித்தால், அவ்வரி மூடிய மடிப்பாயின், மடிப்பின் முதல்வரி தொடங்கி இறுதிவரி ஈறாக ஆணை செல்லும். இடஞ்சுட்டியை மேலும் கீழும் நகர்த்துங்கால் மடிப்பு ஒரு வரியாகவே கருதப்படும். யானைக்கோட்டின்மீது ஏறிய ஐயுருபுபோல, தலைவரிமீது ஏறிய ஆணை உள்ளிருப்பன அனைத்தின்மீதும் ஏறுகின்றது. எனினும் விம் ஆக்கியோர் இக்கொள்கையின் இடரையும் உணர்ந்திருந்தனர் எனத் தோன்றுகின்றது. 'ஃபோல்டுடூஓப்பன்', 'ஃபோல்டுடூகுளோஸ்டு' என இரு தனி ஆணைகள் அதன்கண் உள. முன்னையது மூடிய மடிப்பினுள் இல்லாத வரிகளில் மட்டும் தொழிற்படும். பின்னையது மூடிய மடிப்பினுள் உள்ள வரிகளில் மட்டும் தொழிற்படும். 'வெளியிருப்பதைத் திருத்துக, உள்ளிருப்பதைத் தொடற்க' என்று சொல்லுதற்குத் தெளிவான மொழி அங்கு உண்டு. இதனை யான் பெரிதும் மதிக்கின்றேன். ஆயின் விம் தன்னளவில் பல இடஞ்சுட்டிகளை உடையதன்று. பல வரிகளுக்கு ஒருங்கே ஆணையிடுதலே அதன் வழி.

மறைவுக் கொள்கையுடைய திருத்திகளில் மடிப்பு ஒரு திரைச்சீலை போன்றது. சீலைக்கு அப்பாலுள்ள வரிகள் தத்தம் நிலையில் தனித்தனியே உள்ளன, தலைவரியோடு ஒட்டவில்லை. தலைவரியில் ஒரு சொல்லைத் திருத்தினால் தலைவரி மட்டுமே மாறும். சில திருத்திகளில் தலைவரியை வெட்டி எடுத்தால் அவ்வொரு வரியே வெட்டுண்டு, உள்வரிகள் தலையின்றி நிற்கும். நிரலர் இதனைப் பெருங்குறையாகக் கருதுவர். மறுபுறம், மடிப்பினை நடுவே கொண்டு முன்வரி தொடங்கிப் பின்வரி வரை இழுத்துத் தேர்ந்தால், மறைந்தவும் தேர்வினுள் அடங்கும்; படியெடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கால் மூன்று வரியாகக் கண்டது ஐம்பது வரியாக விரியும். ஈமாக்ஸ் திருத்தியின் ஆர்க் முறையில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் படியெடுத்தற்குத் தனி ஆணையே வைத்துள்ளனர். மறைந்த பகுதியில் திருத்தம் நிகழ முற்படின் அதனைத் தடுத்தல், அல்லது திறந்து காட்டுதல் என்னும் அமைப்பும் அதில் உண்டு. மடித்த தலைப்பின்மீது வரியழிப்பு விசையை அழுத்துவோர் உள்ளடக்கம் முழுவதையும் அறியாது இழவாவண்ணம் காக்கும் அமைப்பும் உண்டு. இத்தனை காவல்கள் வேண்டியிருந்தன என்பதே சிக்கலின் அளவைக் காட்டும்.

பலவிடத் தேர்வு இதனுட் புகும்பொழுது வினா பல்கிப் பெருகுகின்றது. பல இடஞ்சுட்டிகள் நிற்கும்பொழுது 'மடி' என்று பணித்தால் ஒவ்வொரு சுட்டி நிற்கும் பகுதியும் மடியும். சப்லைம் டெக்ஸ்டில் பல தேர்வுகளை ஒருங்கே கொடுத்து அனைத்தையும் மடிக்கலாம். ஆனால் ஒரே பகுதியினுள் இரு சுட்டிகள் நிற்பின்? 'திறந்திருந்தால் மூடுக, மூடியிருந்தால் திறக்க' என்னும் மாறுதல் ஆணையை ஒவ்வொரு சுட்டிக்கும் முறையே நிறைவேற்றினால், முதற்சுட்டி மூடியதை இரண்டாம் சுட்டி திறந்துவிடும். திரையில் ஒன்றும் நிகழாதது போலிருக்கும். ஆதலின் திருத்தியை ஆக்குவோர் முதற்கண் சுட்டிகள் எந்தெந்தப் பகுதிகளைக் குறிக்கின்றன என்று திரட்டி, மீண்டும் வருவனவற்றைக் கழித்து, அதன்பின்னரே மடித்தல் வேண்டும். ஒரு சுட்டி வெளிப்பகுதியிலும் மற்றொன்று அதனுள் அடங்கிய உட்பகுதியிலும் நின்றால், வெளிப்பகுதி மடிந்தவுடன் உட்சுட்டி மறைகின்றது. மறைந்த சுட்டியை என் செய்வது? விசுவல் ஸ்டூடியோ கோடில், மடிப்பினுள் அகப்பட்ட சுட்டி தலைவரிக்கு ஏற்றப்படுகின்றது. பல சுட்டிகள் ஒரே மடிப்பினுள் அகப்படின் அவை ஓரிடத்துக் கூடி ஒன்றாகிவிடும். மடிப்பை மீண்டும் திறந்தாலும் பழைய சுட்டிகள் தத்தம் இடத்திற்குத் திரும்பா. பன்னிரண்டு இடங்களை அரிதின் முயன்று தேர்ந்தவர், இடையே ஒரு பகுதியை மடித்துப் பார்க்க விழைந்து, தேர்வில் பாதியை இழத்தல் இவ்வாறே.

முதன்மையான வினா எஞ்சியுள்ளது. ஒரு சொல் வருமிடமெல்லாம் தேர்க என்று பணித்தால், மடிப்பினுள் வருவனவும் தேர்வுறுமா? தேடுதல் என்பது பெரும்பாலும் கோப்பினை நோக்கியது, காட்சியை நோக்கியதன்று. ஆதலின் மறைந்தவும் அகப்படும். அகப்பட்டபின் திருத்தி செய்யத்தகுவது மடிப்பினைத் திறந்து, 'இதோ இவ்விடமும் மாறப்போகின்றது' என்று காட்டுதல். விம் கூடத் தேடி ஒரு சொல்லை அடைந்தவுடன் அதனை மறைத்திருந்த மடிப்பைத் திறக்கும். உட்புகுத்தி எழுதுங்கால் எழுதும் வரி ஒருபோதும் மடிந்திராது. ஆனால் 'அனைத்தையும் மாற்றுக' என்னும் ஒற்றை ஆணை அவ்வளவு பொறுமையுடையதன்று. மடிப்பு மூடியவாறே இருக்க, உள்ளே மாற்றம் நிகழ்ந்து முடிந்துவிடும்.

நிரலர்க்கு இது ஓரளவு பொறுக்கக்கூடிய இடர். நிரலில் ஒரு பெயர் ஓரிடத்து மாறி மற்றோரிடத்து மாறாது நின்றால், இயக்கும்பொழுது கணிப்பொறியே பெரும்பாலும் முறையிடும். ஏட்டுப் பதிப்பில் முறையிடுவார் யாரும் இலர். அச்சுப் பதிப்பில் பாடவேறுபாடு பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் கிடக்கும். படிப்போர் அதனைப் பாராது செல்லினும் அது பார்வைக்கு அப்பாற் செல்வதில்லை. மடிப்பு அதனைப் பார்வைக்கு அப்பாற் கொண்டு செல்கின்றது. ஆனால் திருத்தத்திற்கு அப்பாற் கொண்டு செல்வதில்லை. கண் சேராத இடத்திற்குக் கை சேர்கின்றது.

இதனை யான் நூலறிவால் மட்டும் கூறவில்லை. முதுகலை மாணவர் இருவரோடு சிற்றிலக்கியம் ஒன்றன் பதிப்பினை உருவாக்கி வந்தேன். ஏடுகள் இரண்டு, பழைய அச்சுநூல் ஒன்று. அச்சுநூலைக் கொண்டு மூலத்தைத் தட்டெழுதிக்கொண்டு, ஒவ்வோரிடத்தும் மூன்றன் பாடத்தையும் தனித்தனியே குறிப்பது எங்கள் முறை. 'கோவில்' என்னும் சொல் மூலத்தில் 14 இடங்களில் வந்தது. அச்சுநூல் யாண்டும் 'கோவில்' என்றே கொண்டிருக்க, ஏடுகள் இரண்டிலும் 'கோயில்', 'கோவில்' என இருவகை எழுத்தும் விரவியிருந்தன. முதல் ஏட்டின் பெருவழக்கை ஒட்டி மூலத்தில் 'கோயில்' என்றே அமைப்பது எனத் துணிந்தோம். பாடக்குறிப்புகள் அனைத்தும் மடிந்திருந்தன. சொல்லைத் தேர்ந்து, வருமிடமெல்லாம் மாற்றப் பணித்தேன். திரையின் அடியில் 37 என்னும் எண் தோன்றி மறைந்ததை மாணவர் ஒருவர் கண்டார். எங்கள் கண் திரையிலுள்ள மூலத்தின்மேல் இருந்தமையால் அதனைப் பொருட்படுத்தவில்லை. கோப்பினைச் சேமித்து மூடினோம். நான்கு மாதம் கழித்துப் பாடக்குறிப்புகளை அச்சுக்கு ஒழுங்கு செய்யுங்கால், உடம்படுமெய் வேறுபாடு எங்கும் காணப்படாமை கண்டு திடுக்கிட்டோம். அச்சுநூலும் 'கோயில்', ஏடு இரண்டும் 'கோயில்'. எழுத்துவழக்கின் வரலாற்றை ஆராய்வோர்க்குச் சான்றாக நாங்களே திரட்டியதை நாங்களே அழித்திருந்தோம். முந்தைய படி ஒன்றும் எஞ்சவில்லை. ஒரே கோப்பின்மேல் மேன்மேலும் சேமித்து வந்தோம். கருவியின்மேல் குறை கூறுதற்கு இடமில்லை. அது தன் விதியின்படியே செய்தது. அவ்விதி இன்னதென்று யான் கேட்டறியவில்லை.

இன்று எங்கள் பழக்கம் சில மாறியுள்ளன. பல இடங்களில் ஒருங்கே திருத்துமுன் மடிப்பு அனைத்தையும் திறந்துவிடுகின்றோம்; திரை நீண்டுவிடும், படித்தல் அயர்வு தரும், ஆயினும் அதுவே முறை. தேர்வுற்ற இடங்களின் எண்ணிக்கையைத் தாளில் எழுதி, முன்னரே எண்ணிவைத்த எண்ணோடு ஒப்பிடுகின்றோம். நிரலர் 2005 முதல் கையாளும் கிட் என்னும் படிக்காப்பு முறையைக் கற்றுக்கொண்டோம். அது முன்னைய கோப்பையும் பின்னைய கோப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் எடுத்துக்காட்டும். மடிப்பு என்பதொன்றை அது அறியாது ஆதலின் மறைந்து மாறியதும் அதன்கண் வெளிப்படும். புதிய திருத்தி ஒன்று கைக்கு வந்தால், பத்து வரிகொண்ட சோதனைக் கோப்பில் நான்கு வரிகளை மடித்து, தலைவரியை வெட்டியும், ஒரு சொல்லை எங்கும் மாற்றியும், அது மறைவுக் கொள்கையினதா ஒன்றுபாட்டுக் கொள்கையினதா என்று முதல் நாளே அறிந்துகொள்ளுமாறு மாணவர்க்குப் பணித்துள்ளேன். வரிகளை இடம் மாற்றுதற்கும் அழித்தற்கும் ஒன்றுபாட்டுக் கொள்கையே ஏற்றது. தலைவரி செல்லுமிடத்து உள்வரியும் செல்லல் வேண்டும். எழுத்தினைத் திருத்துதற்கு மறைவுக் கொள்கையே ஏற்றது. அதுவும் மறைந்ததைத் திறந்து காட்டியபின் திருத்துவதாயின். இரண்டனையும் தொழில்நோக்கிப் பிரித்துத் தரும் திருத்தியே பதிப்பாசிரியர்க்கு உகந்தது என்று கருதுகின்றேன்.

அழிந்த பாடங்களை மீட்கும் பணி இன்னும் முடியவில்லை. மாறியவை 37; அவற்றுள் மூலத்திற்குரியவை 14; ஆக, மடிப்பினுள் மாறியவை 23. அச்சுநூல் கையில் இருந்தமையால் அதற்குரிய 14 இடங்களையும் உடனே சரிசெய்தோம். முதல் ஏட்டிற்குப் புகைப்படம் உண்டு. அதனைப் பார்த்து இரண்டிடங்களில் 'கோவில்' என மீட்டோம். எஞ்சிய ஏழும் இரண்டாம் ஏட்டிற்கு உரியனவாதல் வேண்டும். பதினான்கு இடங்களுள் அவ்வேழு எவை என்பது கணக்கினாற் பெறலாகாது. அவ்வேட்டிற்குப் புகைப்படம் இல்லை. அஃது இருக்கும் நூலகமோ வேற்றூரில் உள்ளது. வரும் கோடை விடுமுறையில் மாணவர் இருவரும் யானும் அங்குச் சென்று, அவ்வேட்டினை மறுமுறை பார்க்க இசைவு கேட்டு எழுதியுள்ளோம்.